தொகுதி மறுவரையறையைத் தமிழில் விளக்க யாராவது உண்டா?

தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். ஒரு உதவி வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஊர்ச் சாயாக்கடையில் எட்டு பேர் கூடி தேசிய அரசியல் பேசுவோம். ரப்பர் பால்வெட்டுகிறவர், ஓய்வுபெற்ற வாத்தியார், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், இப்படி ஒரு கூட்டம். போன வாரம் மக்களவைத் தொகுதி மறுவரையறையில், அதாவது மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதிகளைத் திருத்தி அமைப்பதில், பேச்சு முற்றிவிட்டது. பழம்பொரி சுற்றிவந்த எண்ணெய்ப் பேப்பரில் வாத்தியார் கணக்குப் போட்டார். பேனா வழுக்கியதுதான் மிச்சம்.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மக்களவையில் மாநிலங்களுக்கு இடம் பிரித்தது 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் அந்த எண்ணிக்கையை மாற்றாமல் அப்படியே நிறுத்திவைத்தது. பிறகு 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை அந்த நிறுத்தத்தை நீட்டியது. 2008 மறுவரையறையில் எல்லைகள் மாறியும் தமிழ்நாட்டுக்கு அதே 39 இடம்தான். 1969 இடைத்தேர்தலில் காமராஜரை டெல்லிக்கு அனுப்பிய நாகர்கோவில் தொகுதி, கன்னியாகுமரி என்று ஆனதும் அந்த மறுவரையறையில்தான். இதைச் சொன்னால், “எல்லை மாறும், எண்ணிக்கை மாறாதா? அது எந்தக் கணக்கு மக்கா?” என்று பால்வெட்டுகிற அண்ணன் மடக்குகிறார். நியாயமான கேள்வி, என்னிடம் தெளிவான பதில் இல்லை.

அரசியலமைப்பின் 81, 82ஆவது பிரிவுகளின் தமிழ் வடிவம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், பிரதி எடுப்பது என் பொறுப்பு. கட்சித் துண்டறிக்கை வேண்டாம், அது கட்டுக்கட்டாக இருக்கிறது. சட்டம் படித்தவர்கள் ஒரு ஞாயிறு நேரில் வந்தால் இன்னும் நல்லது. ஐந்து மணிக்கு மேல் இருப்போம், சாயா எங்கள் கணக்கு.