கூடா (CUDA) 11.8, 12.1 இரண்டும் போட்டிருக்கிறேன், ஆனால் அதன் கம்பைலரான என்விசிசி (nvcc) 11.5 என்கிறது. ஏன்?

மதியநிழல்:
வணக்கம். இரண்டு நாளாக இதிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள். லேப் மெஷின், உபுண்டு 22.04, ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு. சீனியர் ஒருவர் விட்டுப்போன பழைய ப்ராஜெக்ட் கூடா 11.8-க்கான பைடார்ச் (மெஷின் லேர்னிங் லைப்ரரி) பதிப்பில் ஓடுகிறது. என்னுடைய புது வேலைக்கு 12.1-க்கான பைடார்ச் வேண்டும், அதோடு ஒரு கூடா எக்ஸ்டென்ஷனை (பைடார்ச்சோடு சேரும் கூடுதல் கோடு) நானே கம்பைல் செய்தாக வேண்டும். அதனால் இரண்டு டூல்கிட்டையும் (கூடா கம்பைலரும் லைப்ரரிகளும் கொண்ட தொகுப்பு) போட்டேன், யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டருக்குள் இரண்டும் தனித்தனியாக இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. டெர்மினல் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலில், பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) கடைசியில் 12.1-இன் பின் (bin) ஃபோல்டரையும் சேர்த்துவிட்டேன்.

இப்போது கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை 12.2 என்கிறது, அதை நான் போடவே இல்லை. என்விசிசி 11.5 என்கிறது, அதையும் நான் போடவில்லை! எக்ஸ்டென்ஷன் கம்பைல் செய்தால், கண்டுபிடித்த கூடா 11.5, பைடார்ச் கட்டப்பட்டது 12.1-இல், இரண்டும் பொருந்தவில்லை என்று எரர். ஆனால் சீனியரின் ப்ராஜெக்டில் உள்ள எக்ஸ்டென்ஷன் மட்டும் ஒழுங்காகக் கம்பைல் ஆகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாமா?

கீற்றுப்பந்தல்:
எதையும் அழிக்காதீர்கள். விச் மைனஸ் ஏ (which -a) கட்டளை போட்டு என்விசிசி எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். யூஎஸ்ஆர் பின்னுக்குள் ஒன்று இருந்தால் அதுதான் உங்கள் 11.5.

பழையசர்வர்:
மேலே சொன்னது சரி, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மூன்று எண்களைப் பார்த்துக் குழம்பி டிரைவரையே பிடுங்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்விடியா-எஸ்எம்ஐ காட்டும் 12.2 உங்கள் டூல்கிட்டின் எண் இல்லை. உங்கள் டிரைவர் அதிகபட்சம் எந்தக் கூடா வரை தாங்கும் என்பதுதான் அது, உங்களிடம் 535 வரிசை டிரைவர் இருக்கும் என்று நினைக்கிறேன். டிரைவர் ஒன்றுதான் இருக்கும், டூல்கிட் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், புது டிரைவர் பழைய டூல்கிட்டில் கட்டியதையும் ஓட்டும். ஆகவே 12.2 என்று காட்டுவதில் எந்தப் பிரச்சினையும் இல்லை, அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

11.5 எங்கிருந்து வந்தது? உபுண்டு 22.04-இன் சொந்தக் களஞ்சியத்தில் என்விடியா-கூடா-டூல்கிட் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, அதில் வருவது 11.5. உங்களுக்கு முன்னால் யாரோ ஆப்ட் (பேக்கேஜ் நிறுவும் கட்டளை) வழியாக அதைப் போட்டிருப்பார்கள். அது என்விசிசியை யூஎஸ்ஆர் பின்னுக்குள் வைக்கும். நீங்கள் 12.1-ஐ பாத்தின் கடைசியில் சேர்த்தீர்கள் இல்லையா, தவறு அங்கேதான். ஷெல் இடமிருந்து வலமாகத் தேடும், முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும், உங்கள் 12.1 வரை அது வரவே இல்லை. பாத்தின் முன்னால் சேருங்கள்.

சீனியரின் எக்ஸ்டென்ஷன் கம்பைல் ஆவதற்குக் காரணம், பைடார்ச் முதல் எண்ணைத்தான் கண்டிப்பாகப் பார்க்கும். 11.5-க்கும் 11.8-க்கும் முதல் எண் ஒன்றே, அதனால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். 11-க்கு 12 என்றால் நிறுத்திவிடும். மேலே ஓடிப்போன வரிகளில் அந்த எச்சரிக்கை நிச்சயம் இருக்கும், பாருங்கள்.

இன்னொன்று, டூல்கிட் ஃபோல்டரைக் காட்டும் கூடா-ஹோம் (CUDA_HOME) என்ற மாறியையும் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் கட்டும்போது பைடார்ச் முதலில் பார்ப்பது அதைத்தான், அது இல்லாவிட்டால்தான் பாத்தில் என்விசிசியைத் தேடும், அதுவும் இல்லை என்றால் யூஎஸ்ஆர் லோக்கலில் உள்ள வெறும் கூடா என்ற லிங்கை (ஏதாவது ஒரு பதிப்பின் ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) பார்க்கும்.

மதியநிழல்:
ரொம்ப நன்றி அண்ணா, யூஎஸ்ஆர் பின்னில் இருக்கிறது! அப்படியென்றால் அந்த வெறும் கூடா லிங்கை 12.1-க்குத் திருப்பிவிட்டு, பழைய ப்ராஜெக்ட் வேண்டும்போது 11.8-க்கு மாற்றிக்கொண்டால் போதுமா? அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் (பல பதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை) வைத்து மாற்றலாம் என்று எங்கோ படித்தேன்.

கர்னல்வாசி:
உங்கள் சொந்த மெஷின் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். லேப் மெஷின் என்றீர்களே, அதில் வேண்டவே வேண்டாம். அந்த லிங்க் எல்லோருக்கும் பொது. எங்கள் இடத்தில் ஒருவருடைய பெரிய பில்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் லிங்கை மாற்றிவிட்டார், பாதி ஃபைல்கள் ஒரு பதிப்பிலும் மீதி வேறொரு பதிப்பிலும் கம்பைல் ஆகி, கம்பைல் ஆனவற்றை ஒன்றாக இணைக்கும் நேரத்தில் வந்த எரரின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்கப் போனது. பாவம், அவர் தன் கோடில்தான் தவறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

டெர்மினல் அளவில் மாற்றுங்கள். பாஷ்ஆர்சியில் ஒரு சின்ன ஃபங்ஷன் போதும், பதிப்பு எண்ணை வாங்கி, கூடா-ஹோமை அந்த ஃபோல்டருக்கு வைத்து, அதன் பின் ஃபோல்டரை பாத்தின் முன்னால் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். கொண்டா (ப்ராஜெக்டுக்கு ஒரு தனி என்விரான்மெண்ட் வைக்க உதவும் கருவி) பயன்படுத்தினால் இன்னும் வசதி, அந்தந்த என்விரான்மெண்டின் ஆக்டிவேட் டாட் டி (activate.d) ஃபோல்டரில் இதே வரிகளை ஒரு ஸ்கிரிப்ட்டாக வைத்துவிடுங்கள், என்விரான்மெண்ட் மாறும்போது கூடாவும் தானாக மாறும்.

எல்டி-லைப்ரரி-பாத்தில் (ஓடும்போது லைப்ரரிகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) மட்டும் கை வைக்குமுன் யோசியுங்கள். பைடார்ச் வீல் (தயாராகக் கட்டிவைத்த பேக்கேஜ்) தனக்கு வேண்டிய கூடா லைப்ரரிகளைத் தானே கொண்டுவரும், நீங்கள் வெளியிலிருந்து வேறு பதிப்பைக் காட்டினால் குடிஎன்என் (cuDNN) போன்ற லைப்ரரிகள் மோதும்.

கீற்றுப்பந்தல்:
மாற்றிய பிறகு பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். சிமேக் (பில்டை நடத்தும் கருவி) என்றால் முன்பு கண்டுபிடித்த என்விசிசியைக் கேஷில் வைத்திருக்கும், நீங்கள் பாத்தை எத்தனை முறை மாற்றினாலும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம், சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டுக் கம்பைல் செய்யாதீர்கள், அது வழக்கமாக உங்கள் பாத்தை விட்டுவிட்டுத் தனக்கென்று உள்ள பாத்தையே எடுத்துக்கொள்ளும்.

பழையசர்வர்:
உபுண்டு 24.04-க்குப் போகும் எண்ணம் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஜிசிசி (என்விசிசி துணைக்கு அழைக்கும் சி++ கம்பைலர்) 13 வரும், கூடா 11.8 ஜிசிசி 11 வரைதான் ஏற்கும். ஜிசிசி 11-ஐயும் தனியாகப் போட்டு, என்விசிசிக்கு சிசிபின் (-ccbin) ஆப்ஷனில் அதைக் காட்ட வேண்டும். இப்போது 22.04-இல் இருப்பது ஜிசிசி 11, அதனால் உங்களுக்கு இரண்டு டூல்கிட்டும் சிக்கல் இல்லாமல் ஓடும்.

மதியநிழல்:
ஆகிவிட்டது! கொண்டா ஸ்கிரிப்ட் முறையில் செய்தேன், முதல் முறை அதே எரர் வந்தது, பில்ட் ஃபோல்டரை அழித்ததும் 12.1-இல் கம்பைல் ஆனது. சீனியர் ப்ராஜெக்டையும் 11.8-இல் திரும்பக் கட்டினேன், அந்த எச்சரிக்கையும் போய்விட்டது. 11.5 பேக்கேஜை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று லேப் குழுவில் கேட்டிருக்கிறேன், பதில் வரும்வரை அதைத் தொடப்போவதில்லை.