தா, கொடு, கிவ்

ஆங்கிலம் படிப்பிக்கிறவர், உவர்மலை:
'கிவ்' என்றால் என்னவென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிழைக்கிறது அதற்குப் பின்னால் வருகிற ஒழுங்கில்தான். 'எனக்குப் புத்தகத்தைத் தா' என்பதில் உள்ள 'க்கு'வைப் பார்த்து, 'கிவ் டு மீ த புக்' என்று எழுதுவார்கள். ஆள் முதலில் வந்தால் 'டு' வேண்டாம்: 'கிவ் மீ த புக்'. பொருள் முதலில் வந்தால் வேணும்: 'கிவ் த புக் டு மீ'. பொருளுக்குப் பதில் 'இற்' வந்தால் 'கிவ் இற் டு மீ' என்பதே நல்லது. சொற்களை மட்டைத் துண்டுகளில் எழுதி மேசையில் இடம்மாற்றிக் காட்டுங்கோ. பொருள் மட்டை முன்னால் போகும்போது மட்டும் 'டு' மட்டையைச் செருகவேணும். இறந்தகாலம் 'கேவ்', 'ஹாவ்'வோடு 'கிவ்ன்'.

மொழிபெயர்ப்பாளர், திருமலை நகர்:
தமிழுக்குக் கொண்டுவரும்போது வாங்குகிறவர் யார் என்று முதலில் பாருங்கோ. எனக்கும் உங்களுக்கும் என்றால் 'தா', அவருக்கு என்றால் 'கொடு'. தருதல் தன்மை முன்னிலைக்கு, கொடுத்தல் படர்க்கைக்கு என்று தொல்காப்பியமே பிரித்திருக்கிறது. 'கிவ்'வுக்கு அந்த வேறுபாடு இல்லை. 'வி வில் கிவ் யூ' என்பதை 'உங்களுக்குக் கொடுப்போம்' என்று எழுதினால் எங்கட காதுக்கு ஒட்டாது. 'தருவோம்' என்பதுதான் சரி.

மறுபக்கமும் ஒரு பொறி இருக்கு. 'போர்மை நிரப்பித் தாங்கோ' என்பது 'ஃபில் அண்ட் கிவ்' ஆகிவிடுகிறது. அந்தத் 'தா' கையில் கொடுப்பதைச் சொல்லவில்லை, எனக்காகச் செய் என்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'ஃபோர் மீ' செய்யும்: 'குட் யூ ஃபில் திஸ் இன் ஃபோர் மீ'.

இரத்ததான முகாம்களில் உதவுகிறவர்:
இங்கே ஒரு சொல் தவறினால் விசயமே தலைகீழ். 'ஹி கேவ் பிளட்' என்றால் அவர் இரத்தம் கொடுத்தார். 'தே கேவ் ஹிம் பிளட்' என்றால் அவருக்கு ஏற்றினார்கள். கேள்வியாக வந்தால் இன்னும் கவனம் வேணும்: 'ஹாவ் யூ எவர் கிவ்ன் பிளட்' என்பது முன்பு தானம் செய்தீர்களா என்று கேட்கிறது, நடுவில் 'பீன்' சேர்ந்தால் உங்களுக்கு எப்போதாவது இரத்தம் ஏற்றப்பட்டதா என்று. கொடையாளரிடம் இரண்டையும் தனித்தனியாகத் தமிழில் கேட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

கோயில் கடிதங்கள் எழுதுகிறவர்:
'டொனேற்' எழுதும்போது 'கிவ்'வின் பழக்கத்தை விடவேணும். 'டொனேற்றட் த ஸ்கூல் ரென் ஃபான்ஸ்' பிழை. 'டொனேற்றட் ரென் ஃபான்ஸ் டு த ஸ்கூல்' என்ற ஒரே ஒழுங்குதான் செல்லும். கடன் கொடுத்ததற்கும் இந்தச் சொல் ஆகாது, திரும்பக் கேட்கிற எதுவும் நன்கொடை இல்லை.

'உபயம்' என்று வந்தால் நின்று யோசியுங்கோ. ரியூப்லைற்றில் சிவப்பு மையால் எழுதியிருக்கிற உபயம் 'டொனேற்றட் பை'. ஐந்தாம் திருவிழா உபயம் அப்படியல்ல. அந்த நாளின் செலவை ஏற்று நிற்பது. அதற்கு 'ஸ்பொன்சர்ட் பை' என்றுதான் போடுங்கோ.