பழைய பில்லர் டிரில்லிங் மெஷின் வாங்கலாமா? நான்கடிச் சந்துக்குள் எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி (வடவள்ளிவாசி)

அனைவருக்கும் வணக்கம். கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டின் பின்புறம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் இரும்புச் சட்டம் வைத்த மேசை, பெஞ்சு போன்றவற்றைச் செய்வது வழக்கம். இதுவரை கை டிரில்லை வைத்தே சமாளித்தேன்; 12 மி.மீ.க்கு மேல் போனால் துளை சாய்ந்துவிடுகிறது, மணிக்கட்டும் தாங்குவதில்லை.

கணபதி பகுதியில் மூடப்படவிருக்கும் ஒரு பட்டறையில், 25 மி.மீ. வரை துளையிடும் பில்லர் டிரில்லிங் மெஷின் (தூணில் பொருத்திய டிரில்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மூன்றாம் எண் மோர்ஸ் டேப்பர் (டிரில்லின் வால் பொருந்தும் கூம்புத் துளை), 1 எச்.பி. மும்முனை மோட்டார், 28,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆயுத பூஜைக்கு அடித்த பச்சைப் பெயின்ட்டில் மெஷின் புதிதுபோல மினுக்குகிறது. எனக்குச் சந்தேகம் வந்ததே அந்த மினுக்கத்தால்தான். எங்கள் வீட்டில் ஒருமுனை மின் இணைப்பு மட்டுமே உண்டு. தெருவிலிருந்து பட்டறைக்கு வர, வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள நான்கடிச் சந்துதான் வழி. இடையில் இரண்டு படிகளும் இருக்கின்றன. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும், எப்படி உள்ளே கொண்டுவர வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (லேத்காரன்)

பெயின்ட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். எங்கள் பட்டறையிலும் வருடந்தோறும் அடிக்கிறோம். ஆனால் அடித்தட்டின் போல்ட் துளைகளைச் சுற்றியும், டேபிளைத் தாங்கும் கையிலும் விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பிரும்பு விரிசல் விட்டு வெல்டிங் வைத்திருந்தால், பெயின்ட்டுக்கு அடியில் மேடு தட்டுப்படும். அப்படி இருந்தால் பேரம் பேசாமலே திரும்பிவிடலாம்.

இந்த மெஷினின் உயிர், டிரில்லைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் இருக்கிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, கைப்பிடியைச் சுழற்றி ஸ்பிண்டிலை முழுவதும் கீழே இறக்குங்கள். அதன் முனையில் டிரில்லைக் கவ்வும் 'சக்'கை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேலே ஏறியிருக்கும்போது ஆட்டமே தெரியாத மெஷின்கூட, முழுவதும் இறங்கியதும் உண்மையைச் சொல்லிவிடும். பிறகு டிரிஃப்ட் ஆப்பைச் செருகிச் சக்கைக் கழற்றச் சொல்லி, டேப்பருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டிரில்லின் வால் உள்ளே வழுக்கிச் சுற்றியிருந்தால் வளையம் வளையமாகக் கீறல் விழுந்திருக்கும். சக் பழுதென்றால் புதிதாக மாற்றிக்கொள்ளலாம், டேப்பர் பழுதென்றால் அது பெரிய வேலை. நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் இரவல் கிடைத்தால் டேப்பரின் உட்சுவரில் வைத்து ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள், முள் 0.03 மி.மீ.க்குள் ஆடினால் உங்கள் வேலைக்கு அது தாராளம்.

டேபிள் மட்டத்தைப் பார்க்க ஒரு கம்பி போதும். மூன்று மி.மீ. கம்பியை 'இசட்' எழுத்துபோல வளைத்து ஒரு முனையைச் சக்கில் கவ்வவிட்டு, மறுமுனை டேபிளைத் தொடும் உயரத்தில் வைத்து, சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முன், பின், வலம், இடம் ஆகிய நான்கு திசைகளிலும் கம்பி முனைக்கும் டேபிளுக்கும் நடுவே ஒரே தாளை இழுத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். டேபிளில் அம்மை வடுவாகத் தெரியும் பழைய துளைகளை நான் ஒரு குறையாக எண்ணுவதில்லை. விலை பேசும்போது மட்டும் அவற்றைச் சுட்டிக்காட்டலாம்.

வீட்டுக்குக் கொண்டுபோகும்போது தலைப்பகுதியைத் தூணிலிருந்து பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பதில் (மோட்டார் கட்டுபவர்)

மின்சாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1 எச்.பி. மும்முனை மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சிட்டு) இருக்கும். ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 240 வோல்ட்தான் என்பதால், அதே மோட்டாரை டெல்டாவாக (காயில்களை முக்கோணமாக இணைத்து) மாற்றினால், ஒருமுனை மின்சாரத்தை வாங்கி 230 வோல்ட் மும்முனையாகத் தரும் வி.எஃப்.டி. கருவியில் அது முழு வலுவோடு ஓடும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு முனைகள் இருந்தால் தகடுகளை மாற்றிப் போடுவதோடு வேலை முடிந்தது. மூன்று மட்டுமே வெளியே வந்திருந்தால், காயில் கட்டும் கடையில் உள்ளே இருக்கும் ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறாக எடுத்துத் தருவார்கள். மெஷினில் உள்ள பழைய சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் இடையில் விட்டுவைக்காதீர்கள். ஓட்டத்தில் அதை அணைத்தால் கருவி பழுதாகக்கூடும். இந்தச் செலவு வேண்டாம் என்றால் நிமிடத்துக்கு 1440 சுற்று வேகத்தில் ஓடும் 1 எச்.பி. ஒருமுனை மோட்டார் ஒன்றை மாட்டிவிடுங்கள். பழைய மோட்டாரை விற்ற காசும் கையில் நிற்கும்.

பதில் (மரப்பட்டறை)

லேத்காரன் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். நல்ல சாலையும் அகன்ற வாசலும் உள்ளவர்கள் முழு மெஷினாகவே கொண்டுபோகலாம். நான்கடிச் சந்தில், நடுவே படியும் இருக்கும்போது, தலைப்பகுதியைப் பிரிப்பதே பாதுகாப்பு.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் இதே அளவு மெஷின் ஒன்றை, நின்ற வாக்கிலேயே குட்டி யானையில் ஏற்றி நைலான் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தேன். இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இந்த மெஷினில் மோட்டாரும் புல்லிகளும் ஸ்பிண்டிலும் உச்சியில் இருப்பதால், பாரம் முழுவதும் தலையில்தான். ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியது, கயிறு தளர்ந்தது, மெஷின் பக்கவாட்டுப் பலகையின் மேல் சாய்ந்தது. கைப்பிடியின் தண்டு வளைந்ததோடு போயிற்று. பின்னால் உட்கார்ந்து வந்த என் தம்பி நூலிழையில் தப்பினான்.

அதனால் முதலில் சக், கைப்பிடிகள், பெல்ட், மோட்டார், டேபிள் ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியாக வையுங்கள். தலைப்பகுதியைச் செயின் பிளாக்கில் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) மாட்டிச் சங்கிலியை இறுக்கிய பிறகே அதன் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அந்தப் பிடி விட்டால் தலை தூண் வழியாக வழுக்கி விழும், கீழே இருக்கும் கையை அது பார்க்காது. விற்பவரின் பட்டறையில் செயின் பிளாக் இருக்கும், அங்கேயே இதை முடித்துவிடுங்கள். ஸ்பிண்டிலை மேலே இழுக்கும் சுருள் ஸ்பிரிங்கின் மூடியை மட்டும் யார் சொன்னாலும் திறக்காதீர்கள். தூணை மரக்கட்டைகளின் மேல் படுக்க வைத்துக் கட்டுங்கள். சந்தில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் மூன்றை உருளையாகப் போட்டுக் கடப்பாரையால் நெம்பினால் இரண்டு பேரே நகர்த்திவிடலாம். படிகளின் மேல் கனமான பலகை இரண்டைச் சாய்த்துப் போட்டு, மேலிருந்து கயிற்றால் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பட்டறைக்குள் திரும்ப ஏற்ற, முக்காலி போட்டுச் செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வடவள்ளிவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. மெஷினை நேரில் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஸ்பிண்டிலில் ஆட்டம் இல்லை, டேப்பரும் சுத்தமாக இருக்கிறது. கம்பியைச் சுற்றியபோது டேபிள் இடப்பக்கம் ஒரு மில்லி இறங்கியிருந்தது. அடியில் உள்ள சாய்வு போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்து காட்டினார்கள். மோட்டாரில் மூன்று முனைகளே இருந்ததைச் சொல்லி 24,500 ரூபாய்க்கு முடித்தேன். அந்த மோட்டார் இப்போது காயில் கட்டும் கடையில் இருக்கிறது. தலையைப் பிரித்தே கொண்டுவந்தோம். சந்தில் முக்கால் மணி நேரம் ஆனது, அதில் பாதி அந்த இரண்டு படிகளுக்கே போயிற்று. மைல்ட் ஸ்டீலில் 20 மி.மீ. துளை போட எந்த வேகத்தில் பெல்ட்டை வைக்க வேண்டும்?

லேத்காரன்

சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) டிரில் என்றால் நிமிடத்துக்கு 400 சுற்றுகள், அதற்கு மேல் வேண்டாம். வி.எஃப்.டி.யில் வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் வலுவும் சேர்ந்து குறையும் என்பதால் பெல்ட்டை மாற்றியே குறையுங்கள். முதலில் 6 மி.மீ. துளை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வேலைப்பொருளைக் கவ்வும் வைஸை டேபிளோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். மறுபக்கம் துளைத்து வெளிவரும் நொடியில்தான் 20 மி.மீ. டிரில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும்.