மொட்டை மாடி மரத்தளம் இரண்டே மழைக்காலத்தில் இற்றுப்போகிறது, காப்பாற்ற வழி உண்டா?

மாடித்தோட்டக்காரி:
வணக்கம். சென்னை நீலாங்கரையில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. அப்பா சாயங்காலம் காற்று வாங்க உட்காரட்டும் என்று மொட்டை மாடியில் 12 அடிக்கு 10 அடி மரத்தளம் போட்டோம். போட்டவர் தேக்கு என்று சொல்லித்தான் காசு வாங்கினார். ஒரு இன்ச் கனம், நாலு இன்ச் அகலப் பலகை, மேலே மூன்று கோட் வார்னிஷ்.

இரண்டு ஐப்பசி கார்த்திகை தாண்டியிருக்கிறது. வார்னிஷ் தோல் தோலாக உரிகிறது. பலகைகள் ஓரம் தூக்கி, மல்லாத்திப் போட்ட நாட்டு ஓடு மாதிரி குழிந்து நிற்கின்றன, அந்தக் குழியில் தண்ணீர் தேங்குகிறது. ஸ்க்ரூவைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுப்பு வளையம். போன வாரம் அப்பா பாசியில் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே கயிறு கட்டி அடைத்துவிட்டேன்.

வந்து பார்த்த ஒருவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் கலந்த பலகை போடச் சொல்கிறார். இன்னொருவர் தேய்த்து மறுபடி வார்னிஷ் அடித்தால் போதும் என்கிறார். வெறுங்காலோடு மரத்தில் நடக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை, அதனால் மரம்தான் வேண்டும். எந்த மரம் வாங்குவது, எப்படிப் பராமரிப்பது?

செங்கோட்டை ஆசாரி:
தங்கச்சி, மரம் வாங்குறது அப்புறம். முதல்ல ஓரத்துப் பலகை ரெண்டு மூணைக் கழற்றிப் பாருங்க. அடியில காத்து போக இடம் இருக்கா, பலகைக்குப் பலகை சந்து எவ்வளவு, இத்துப்போன இடம் என்ன நிறம், இதைச் சொல்லுங்க. வீட்டுச் சாவியை வச்சு அழுத்துங்க. நல்ல மரத்துல கோடு விழும், இத்த மரத்துல சாவி உள்ளே போகும்.

மாடித்தோட்டக்காரி:
அண்ணே, நாலு பலகை கழற்றினேன். இரண்டு ஸ்க்ரூ தலையோடு முறிந்துவிட்டது. அடிச் சட்டங்கள் மாடி ஓட்டின் மேலேயே படுத்துக் கிடக்கின்றன, அதுவும் தண்ணீர் ஓடும் வாட்டத்துக்குக் குறுக்கே. ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் அணை கட்டியதுபோல் வண்டலும் வேப்பிலையும். பலகைகளுக்கு நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாது. மழை விட்டு 9 நாள் ஆகிறது, சட்டத்தின் அடியில் கை வைத்தால் இன்னும் ஈரம்.

ஒரே பலகையில் பாதி தேன் நிறம், பாதி வெளிர் மஞ்சள். மஞ்சளில் சாவி அரை இன்ச் இறங்குகிறது. தேன் நிறத்தில் இறங்கவே இல்லை. வார்னிஷைச் சுரண்டிப் பார்த்ததில் 30 பலகையில் மஞ்சள் ஓடாதவை 11தான்.

செங்கோட்டை ஆசாரி:
அந்த மஞ்சள்தான் தேக்கோட வெள்ளை, அதாவது தடியோட வெளிச்சுத்து. தேன் நிறம் வைரம், தடியோட நடுப்பகுதி. தேக்குக்குன்னு நாம சொல்ற பேரெல்லாம் வைரத்துக்குத்தான். கரையானும் பூஞ்சணமும் அண்டாத சத்து அதுலதான் இருக்கு. எந்த மரமா இருந்தாலும் வெள்ளை வெளியில நிக்காது. சின்ன வயசுத் தடியை அறுத்தா வெள்ளை அதிகம் வரும், உங்க தலையில கட்டினது அதுதான். கடையில "பர்மா தேக்கு"ன்னா உடனே நம்பாதீங்க. மியான்மர் 2014 ஏப்ரலோட தடியா ஏத்துமதி பண்றதை நிறுத்திட்டாங்க. இப்ப ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காத் தோட்டத் தேக்கு நிறைய வருது. தோட்டத் தேக்குன்னா மட்டம் இல்லை, அதுலயும் நல்ல வைரம் உண்டு. ஊர்ப் பேரை விட்டுட்டு ஒவ்வொரு பலகையையும் நாலு பக்கமும் புரட்டிப் பாருங்க, வெள்ளை ஓடினா ஒதுக்குங்க. கருமருதும் வேங்கையும் வைரமாக் கிடைச்சா தாராளமா வாங்கலாம்.

இனி ஈரம். மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தா பூஞ்சணம் பிடிச்சு வளராது. நனைஞ்ச பலகை சட்டுன்னு காஞ்சிட்டா பயமே இல்லை. உங்களுக்கு மேல்பக்கம் வெயில்ல சுருங்குது, அடிப்பக்கம் ஈரத்துல ஊதியே நிக்குது, அதான் ஓரம் தூக்குது. இதை விட்டுட்டு மறுபடி வார்னிஷ் அடிச்சா அந்தக் காசும் போச்சு.

நான் பண்ணுறதா இருந்தா அந்த 11 பலகையை இழைச்சு அடிப்பக்கத்தை மேலே திருப்பிப் போடுவேன். சட்டத்தை வாட்டத்தோடயே ஓட விட்டு, கீழே ஒரு இன்ச் ரப்பர் துண்டு வச்சுத் தூக்கணும். சட்டத்துக்குச் சட்டம் 16 இன்ச். மாடித் தளத்துல ஓட்டை போட விடாதீங்க, கீழே வீடு ஒழுகும். பலகைக்கு நடுவுல 6 மில்லிமீட்டர் சந்து விடுங்க.

பலகையோட அறுத்த முனையை மறந்துடாதீங்க. மரம் உயிரோட இருந்தப்ப வேர்லருந்து தண்ணி ஏறின குழாயெல்லாம் அங்கே வாய் திறந்துதான் இருக்கு. பலகை முகத்தைவிடப் பல மடங்கு வேகமா அந்த முனை தண்ணி குடிக்கும். அங்கே மெழுகை உருக்கித் தேயுங்க, ஒவ்வொரு தடவை அறுக்கும்போதும்.

குளச்சல்காரன்:
அந்தக் கறுப்பு வளையம் இரும்பு ஸ்க்ரூவால வந்தது அக்கா. கடுக்காயில இரும்பு சேர்த்து முன்னாடி எழுத மை செஞ்சாங்கல்ல, அதே வேலைதான். மரத்தோட துவர்ப்பும் துருவும் சேர்ந்து மையாகுது. ஆக்சாலிக் அமிலம் லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் கரைச்சுத் தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்க. விஷம் அது. கையுறை, கண்ணாடி கட்டாயம், கழுவின தண்ணி தொட்டிச் செடிக்குப் போகக் கூடாது.

கடலுக்கு இவ்வளவு பக்கத்துல 304 ஸ்டெயின்லெஸ்ஸும் பழுப்பாகும். 316 கேட்டு வாங்குங்க. அதுல மாலிப்டினம் இருக்கு, உப்புக் காத்துக்குத் தாங்கும். விலை கூடத்தான், ஆனா ஸ்க்ரூ முறிஞ்சா பலகையைக் கழற்றவே முடியாது. உங்களுக்கே ரெண்டு முறிஞ்சுதே.

எங்க பக்கம் வள்ளத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் மீன் எண்ணெயும் பூசுவாங்க. யாராவது அதைச் சொன்னா உட்காருற இடத்துக்கு வேண்டாம்னுடுங்க. ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கிடும்.

கிள்ளான்வாசி:
மலேசியாவில் எங்களுக்கு வருஷம் முழுக்க மழை. திரெங்கானுவில் படகு கட்டும் செங்கால் மரத்திலும், பாலாவ் மரத்திலும் இங்கே வெளித்தளம் போடுவார்கள். யாரும் வார்னிஷ் பக்கம் போவதில்லை. வார்னிஷ் மேலே ஒரு தோல். வெயிலில் அது வெடித்ததும் வெடிப்பு வழியாக இறங்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உள்ளே ஊறும் எண்ணெய்தான் சரி. வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், இல்லையேல் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

எண்ணெய் பூசாமலே விட்டாலும் நல்ல வைரம் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். அது வெயில் பட்ட நிறம், அழுகல் இல்லை. ரப்பர் மரத்தை மட்டும் வெளியில் போடாதீர்கள். நான் தோட்டத்தில் வளர்ந்தவன், அந்த மரம் எவ்வளவு சீக்கிரம் பூசணம் பிடிக்கும் என்று பார்த்திருக்கிறேன்.

மாடித்தோட்டக்காரி:
எல்லாருக்கும் நன்றி. ஆசாரி அண்ணே, அடிச் சட்டத்துக்கும் தேக்கு போட்டால் கை கடிக்கிறது. மருந்தேற்றிய பைன் போடலாமா? பழைய வீட்டுப் பனங்கைகளும் கிடைக்கின்றன.

செங்கோட்டை ஆசாரி:
பைன் சட்டம் போடலாம், ஆனா அழுத்தம் கொடுத்து மருந்தேத்தினதா இருக்கணும். தூரிகையில பூசினது மேலோட நின்னுடும். என்ன மருந்துன்னு கேளுங்க. செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்தது நம்ம டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல சொந்தி காமேசம் 1933ல கண்டுபிடிச்சது, உலகம் முழுக்கப் போச்சு. ஆர்சனிக் இருக்கறதால அமெரிக்காவுல 2003 முடிவோட வீட்டு உபயோகத்துக்கு நிறுத்திட்டாங்க. அப்பா வெறுங்காலோட நடக்கிற இடம், ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்தா வாங்குங்க. அறுத்த துண்டை வெந்நீர் அடுப்புல போட்டுடாதீங்க, அந்தப் புகை ஆகாது.

பனை வேண்டாம். மத்த மரத்துக்கு வைரம் நடுவுல, பனைக்கு வெளிச்சுத்துல. நடுச்சோறு தண்ணியைக் குடிச்சு உப்பிடும். கூரைக்கு அடியிலதான் அது நூறு வருஷம் நிக்கும்.

பாசிக்குத் தேங்காய் நார் பிரஷ், சோப்புத் தண்ணி போதும். கம்பி பிரஷ் போட்டா இரும்புத் துகள் மரத்துல ஏறி மறுபடி கறுக்கும். பூந்தொட்டிகளைப் பலகை மேல நேரா வைக்காதீங்க, கால் வச்ச ஸ்டாண்டு போடுங்க.

மாடித்தோட்டக்காரி:
வேலை முடிந்தது. 11 பழைய பலகை, மீதி நானே கடையில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பொறுக்கிய தோட்டத் தேக்கு வைரம். கடைக்காரர் முகம் சுளித்தார், நான் விடவில்லை. சட்டம் செம்பு மருந்தேற்றிய பைன், ஸ்க்ரூ 316. பலகை போட்ட வாரத்திலேயே கோடை மழை ஒன்று பெய்தது. இரண்டாம் நாள் காலை சந்து வழியாகத் துணியை விட்டுத் துழாவினேன், உலர்ந்தே வந்தது. நேற்று எண்ணெய் பூசியிருக்கிறோம். நாளைக்குக் காய்ந்துவிடும் என்று சொன்னேன். அப்பா இப்போதே மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.