கலைச்சொல் விவாதம்: கோட்ரான்ஸ்போர்ட் என்பதற்கு ‘உடன்போக்கு’ பொருந்துமா?

மதுரையிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வளரும் நாடுகளில் நடந்த உயிர்வேதியியல் ஆய்வுகளைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காக ஒரு சிறுநூல் எழுதிவருகிறேன். காலராவையும் உப்பு-சர்க்கரைக் கரைசலையும் பற்றிய இயலில் பாதி தூரம் வந்து ஒரு சொல்லிடம் மாட்டிக்கொண்டேன். கோட்ரான்ஸ்போர்ட். இந்தச் சொல் இல்லாமல் அந்த இயலை எழுத முடியாது. இதை இப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

துறை சாராத நண்பர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறுகுடலின் உட்சுவரிலுள்ள செல்களில் ஒரு புரதம் இருக்கிறது. அது குளுக்கோஸைத் தனியாக உள்ளே விடாது. சோடியத்தையும் தனியாக விடாது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் வழி. இப்படிச் சேர்ந்து கடப்பதுதான் கோட்ரான்ஸ்போர்ட். அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலர் 1960இல் பிராகா நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இந்தக் கருத்தை முன்வைத்தார். அவர் காலராவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கவில்லை.

காலராவைப் பற்றி யோசித்தவர்கள் கொல்கத்தாவிலும் டாக்காவிலும் இருந்தார்கள். ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953இலேயே கொல்கத்தாவில் நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, அதை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அது ஏன் வேலை செய்கிறது என்று சொல்ல அன்று யாரிடமும் விளக்கம் இல்லை. உலகமும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதே நகரத்தில் சம்புநாத் டே, காலராக் கிருமி குடலைத் தின்பதில்லை, ஒரு நச்சைச் சுரந்து குடலை நீர் கக்க வைக்கிறது என்று 1959இல் முயல் குடலைக் கொண்டு காட்டினார். அந்த நச்சு குடல் உப்பை உறிஞ்சும் வழக்கமான வழியைக் குலைத்தாலும் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து போகும் வழியைத் தொடுவதில்லை. மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறிக்கொண்டிருக்கிற உடம்பிலும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. 1968இல் டாக்கா காலரா ஆய்வகத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ், ரஃபிகுல் இஸ்லாம், மஜீத் மொல்லா ஆகியோர் சரியான அளவில் கரைசலைக் குடிக்கக் கொடுத்தபோது, நரம்பு வழியாகச் செலுத்த வேண்டிய திரவத்தின் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

இனி சொல்லுக்கு வருகிறேன். நம் பாடநூல்களில் டிரான்ஸ்போர்ட் என்பது ‘கடத்தல்’. ‘இணைக்கடத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘குடலில் குளுக்கோஸ் கடத்தல்’ என்ற துணைத்தலைப்பைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். விமான நிலையத்தில் பிடிபடும் தங்கத்தை அல்லவா அந்தச் சொல் நினைவூட்டுகிறது!

எனக்குப் பிடித்திருப்பது ‘உடன்போக்கு’. தலைவி தலைவனுடன் பாலை வழியே கிளம்பிவிடுவதற்கு அகப்பாடல்கள் தந்த பெயர். இரண்டு பேர் சேர்ந்துதான் போவார்கள். தனியாகப் போனால் அது உடன்போக்கு ஆகாது. நம் சொல்வளத்தில் உறங்கிக்கிடக்கும் ஒன்றை எழுப்பிக்கொண்ட நிறைவும் உண்டு. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

கோவையிலிருந்து:

ஐயா, அழகான சொல். ஆனால் வேண்டாம்.

முதல் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. உங்கள் இயலின் பொருளே வயிற்றுப்போக்கு. ‘வயிற்றுப்போக்கைத் தடுக்க உடன்போக்கு உதவுகிறது’ என்று ஒரு வாக்கியம் எப்படியும் வந்துதான் தீரும். வகுப்பில் அதை உரக்கப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் உயிர்வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பாடவேளை அதோடு முடிந்தது.

இரண்டாவது காரணம் சற்று ஆழமானது. உடன்போக்கில் தலைவன் யார், தலைவி யார்? உயிர்வேதியியலரைக் கேட்டால் சோடியம்தான் தலைவன் என்பார். செல்லின் மறுபக்கத்திலுள்ள சோடியம் பம்ப் ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளுவதால் உள்ளே சோடியம் குறைந்தே இருக்கிறது. ஆகவே வெளியிலுள்ள சோடியம் சரிவில் இறங்குவதுபோல உள்ளே பாய்கிறது. பாயும்போது குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு போகிறது. மருத்துவரைக் கேட்டால் தலைகீழாகச் சொல்வார். நோயாளிக்கு வேண்டியது உப்பும் நீரும். சர்க்கரை அவற்றை உள்ளே கூட்டிப்போகவே சேர்க்கப்படுகிறது. இருவர் சொல்வதும் சரி. ‘உடன்’ என்றாலே ஒருவர் முதன்மை, மற்றவர் கூடப் போகிறவர். நமக்கு வேண்டியது இருவரையும் சமமாக வைக்கும் சொல். ‘உடன்’ வேண்டாம், ‘இணை’ இருக்கட்டும் என்பது என் கட்சி.

இதைச் சொல்நுணுக்கமாக மட்டும் பார்க்காதீர்கள். சர்க்கரையை ‘தெம்புக்கு’ என்று நினைத்துக் கூடுதலாகக் கொட்டினால் கரைசல் செறிவாகிக் குடலே நீரைக் கரைசலை நோக்கி இழந்துவிடும், போக்கு அதிகமாகும். வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய பொட்டலத்தில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு. மொத்த ஆஸ்மோலாரிட்டி, அதாவது கரைந்திருக்கும் துகள்களின் செறிவு, 311. 2002 முதல் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், மொத்தம் 245. இப்போதுள்ள கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சரிக்குச் சரி. ‘இணை’ என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

‘இணைபுகல்’ என்று வைக்கலாமா? புரதத்துக்கு ‘இணைபுகுத்தி’.

---

தருமபுரி மாவட்டத்திலிருந்து:

வணக்கம். நான் கிராம சுகாதாரச் செவிலியர். இந்தக் குழுவில் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இந்த இழையில் மட்டும் இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது.

வேறொரு மடலாடற்குழுவில் இதற்கே ‘இணையேற்றம்’ என்று யாரோ முன்மொழிந்ததாகக் கண்டேன். அது இங்கேயும் வந்துவிடும் முன் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ‘குளுக்கோஸ் ஏற்றுவது’ என்றால் கையில் ஊசி குத்திப் பாட்டிலைத் தொங்கவிடுவது. குழந்தைக்கு இரண்டு முறை பேதியானால் ‘ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்’ என்றுதான் வருகிறார்கள். பொட்டலத்தைக் கையில் கொடுத்தால், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முகம் வாடிவிடுகிறது. குடித்தாலே போதும் என்று புரியவைக்கத்தான் நாங்கள் தொண்டை வற்றப் பேசுகிறோம். அந்த வேலைக்கு நடுவில் ‘ஏற்றம்’ என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980 தொடங்கிப் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தது. அரை சேர் தண்ணீர், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு, அந்தத் தாய் பிறகு எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாள் என்று சோதித்துப் பார்த்துத்தான் சம்பளம். தாய்மார்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் குழந்தைக்குப் போகும்போது பலர் கொடுக்கவில்லை. ஏன் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது: அந்த ஊர்களில் போக்குக்கு நான்கு பெயர். பால்குடிக் குழந்தைக்கு வருவது தூத்ஹாகா, செரிக்காமல் வருவது அஜீர்ணோ, சீதம் கலந்தது ஆமாஷா, காலரா மாதிரி கொட்டுவது டயரியா. ‘டயரியாவுக்குக் கொடுங்கள்’ என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் நான்காவதற்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்! பிறகு நான்கு பெயரையும் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள்.

இங்கேயும் பேதி வேறு, சீதபேதி வேறு, ‘பல் முளைக்கிறது, அதனால் போகிறது’ என்பது வேறு. பல் முளைப்பதற்கு யாரும் கரைசல் கொடுப்பதில்லை. உங்கள் நூலில் அறிவியல் சொல் எதுவாக இருந்தாலும், இந்தப் பெயர்களையும் ஒரு பத்தியில் எழுதுங்கள்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம்.

கோவை ஐயாவின் முதல் ஆட்சேபம் பாக்கு நீரிணையைத் தாண்டாது. எங்களுக்கு அது வயிற்றுப்போக்கு அல்ல, வயிற்றோட்டம். ஆகவே உடன்போக்கை வகுப்பில் படித்தால் இங்கே ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். கரைசலுக்கும் எங்கள் சனங்கள் ‘ஜீவனி’ என்றே சொல்வார்கள். பொட்டலத்தில் அச்சடித்த பெயர் பொதுப்பெயராகிவிட்டது. கடையில் போய் ‘ஒரு ஜீவனி’ என்றால் போதும்.

ஆனால் ‘உடன்’ பற்றி அவர் சொன்னதை ஏற்கிறேன். ‘இணைபுகல்’ எனக்குப் பிடித்தது. மேற்கு வங்க எல்லையிலிருந்த பங்காவ் அகதி முகாமை நினைத்துக்கொண்டேன். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து புகலிடம் தேடி வந்தவர்களிடையே காலரா பரவியபோது, வைத்தியர் திலீப் மகலநபிஸ் அங்கே இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் நரம்பு வழித் திரவம் தீர்ந்துபோய் நின்றார். கொல்கத்தாவில் இருந்த தன் ஆய்வு நிலையத்தில் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று நிறுத்துப் பொலித்தீன் பைகளில் போட்டு, சூடான இஸ்திரிப்பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பச் செய்தார். முகாமில் அதைக் குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்தார்கள். நோயாளியின் உறவினர்களே குவளையில் பிடித்துப் பருக்கினார்கள். தாதியும் வேண்டியிருக்கவில்லை, ஊசியும் வேண்டியிருக்கவில்லை. 30 சதவீதமளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. போர்க்காலத்தில் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களுக்கு, பொருள் தீர்ந்துபோனபின் வைத்தியம் பார்ப்பது என்றால் என்னவென்று தனியே சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதருக்கு இந்தியா பத்ம விபூஷண் கொடுத்தது 2023இல். அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

ஒரு சிக்கல். எங்கள் பாடநூல்களில் டிரான்ஸ்போர்ட் ‘கொண்டுசெல்லல்’. ‘உயிர்ப்பான கொண்டுசெல்லல்’ என்று படித்து வளர்ந்தோம். உங்களுக்கு அது ‘கடத்தல்’. எங்களுக்கும் உங்களுக்கும் பொதுவாக ஒரு அடிச்சொல் கிடைத்தால் நல்லது. நாங்கள் ரயில் பாதையைக் கடக்கும் இடத்தைப் ‘புகையிரதக் கடவை’ என்போம். செல்லைச் சூழ்ந்த மென்சவ்வைக் கடப்பதுதானே இங்கே விஷயம்?

---

கோவையிலிருந்து:

கடவை! அருமை, டாக்டர்.

‘இணைபுகல்’ என்று நானே சொன்னதை நானே எடுத்துவிடுகிறேன். ‘புகல்’ என்றால் உள்ளே போவது மட்டும். பொட்டாசியமும் குளோரைடும் சேர்ந்து செல்லைவிட்டு வெளியேறும் கோட்ரான்ஸ்போர்ட்டும் உண்டு. அதை ‘இணைபுகல்’ என்று எப்படிச் சொல்வது? திசை காட்டாத சொல் வேண்டும்.

‘கடவு’ அதற்குப் பொருந்துகிறது. கடவுச்சீட்டு, கடவுச்சொல் இரண்டும் இரு நாட்டிலும் புழங்குகின்றன. அடிச்சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘தேர் கடவுதல்’ என்ற பழைய வழக்கில் செலுத்துதல் என்ற பொருளும் உண்டு. போதாக்குறைக்கு, இந்தப் புரதம் செய்வதும் அனுமதி பார்த்து விடுகிற வேலைதான்.

இணைக்கடவு, தனிக்கடவு, எதிர்க்கடவு. சிம்போர்ட் (இரண்டும் ஒரே திசையில்), யூனிபோர்ட் (ஒன்று மட்டும்), ஆன்டிபோர்ட் (இரண்டும் எதிரெதிர்த் திசையில்) மூன்றும் ஒரே குடும்பமாக வந்துவிட்டன. புரதத்துக்கு இணைக்கடவி. சர்க்கரை நோய்க்கு இப்போது பரவலாக எழுதிக்கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தில் தடுப்பது இதன் உடன்பிறப்பைத்தான். அவற்றை ‘இணைக்கடவித் தடுப்பான்’ என்று தயங்காமல் எழுதலாம். ‘இணைக்கடத்தல் தடுப்பான்’ என்றால் மாத்திரையைக் காவல்துறைதான் கொடுக்க வேண்டும்.

---

மதுரையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. உடன்போக்கை விட்டுக்கொடுக்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஓர் ஆறுதல், இலக்கணத்தார் அதற்கு வைத்த பெயரை யாரும் முன்மொழியவில்லை: ‘கொண்டுதலைக்கழிதல்’. வயிற்றுப்போக்கு இயலில் அது வந்திருந்தால் கோவை ஐயா என்ன சொல்லியிருப்பாரோ.

நூலில் ‘இணைக்கடவு’ என்றே எழுதுகிறேன். ஒரு சோடியம், ஒரு குளுக்கோஸ் என்ற எண்ணம் ‘இணை’யால் வந்துவிடக்கூடாது, குடலிலுள்ள புரதம் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியத்தை விடுகிறது. கரைசலில் 75-க்கு 75 என்பது வேறு கணக்கு, புரதத்தின் கணக்கு வேறு. இதை அதே பக்கத்தில் சொல்லிவிடுவேன். 1987இல் எர்னஸ்ட் ரைட் குழுவினர் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தபின் வந்த எஸ்ஜிஎல்டி1 என்ற பெயரை அப்படியே வைக்கிறேன். குறியீட்டை மொழிபெயர்த்தால் மாணவர் இணையத்தில் தேட முடியாது.

செவிலியர் அம்மா கேட்ட பத்தியை இயலின் முதல் பக்கத்திலேயே வைக்கிறேன். இரு நாட்டுப் பெயர்களும் வேண்டும்: பேதி, சீதபேதி, கழிச்சல், வயிற்றோட்டம், பல் முளைக்கும்போது போவது. உங்கள் ஊரில் வேறு பெயர்கள் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். எந்த வயதுக் குழந்தைக்கு, எப்படிப் போனால் அந்தப் பெயர் என்பதையும் சேர்த்து.