கலைச்சொல்: ஒளித்துகளுக்கு "ஓய்வு நிறை" பொருந்துமா?

கோயமுத்தூரிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கமுங்க. மேல்நிலை வகுப்புக்கான சொற்பட்டியலில் ஒளித்துகளுக்கு நேரே "ஓய்வு நிறை: சுழி" என்று இருக்கிறது. விடை சரி, சொல் சரியில்லை. வெற்றிடத்தில் யார் அளந்தாலும் ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர், அது ஓய்ந்து நிற்கும் இடமே கிடையாது. நிற்காததற்கு நின்ற நிறை சொன்னால், "அப்ப ஓடும்போது நிறை உண்டுங்களா?" என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு விடையாக "இயங்கு நிறை" என்று இன்னொரு சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறோம். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

500 நானோமீட்டர் பச்சை ஒளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துகளின் ஆற்றல் 2.48 எலக்ட்ரான் வோல்ட். இதை ஒளிவேகத்தின் இருமடியால் வகுத்தால் 4.4 × 10⁻³⁶ கிலோகிராம் வரும். அலகும் நிறையின் அலகுதான். ஆனால் இந்த எண்ணை நிறையாக நம்பி நியூட்டனின் ஈர்ப்புக் கணக்கில் போட்டால், சூரியனை உரசிவரும் ஒளி 0.87 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) வளையும் என்று வரும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் சொல்வது 1.75. 1919 மே 29 கிரகணத்தின்போது எடுத்த அளவீடுகள் 1.75 பக்கமே நின்றன. ஆகவே அந்த 4.4 × 10⁻³⁶ என்பது வேறு அலகில் எழுதிய ஆற்றல், அவ்வளவுதான். அதற்குத் தனிப்பெயர் தேவையில்லை.

"நிறை இல்லையென்றால் உந்தம் எப்படி?" என்பது அடுத்த தடுமாற்றம். உந்தம் = நிறை × திசைவேகம் என்பது மெதுவாகப் போகும் பொருள்களுக்கான வாய்பாடு. முழு வாய்பாடு இது: ஆற்றலின் இருமடி = (உந்தம் × ஒளிவேகம்) இருமடி + (நிறை × ஒளிவேகத்தின் இருமடி) இருமடி. இதில் நிறையைச் சுழியாக்கினால் உந்தம் = ஆற்றல் ÷ ஒளிவேகம். வளிமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் 1361 வாட். அதை முழுதும் உறிஞ்சும் தகட்டின்மேல் விசை 4.5 மைக்ரோநியூட்டன். கண்ணாடி போலத் திருப்பி அனுப்பினால் இருமடங்கு, 9 மைக்ரோநியூட்டன். இந்த இருமடங்கைத்தான் விடைத்தாளில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 2010இல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ் விண்கலத்தில் வெயில் தள்ளுவதற்காக விரித்த 14 மீட்டர் சதுரப் பாய்க்குக் கிடைத்த தள்ளுவிசை 1.12 மில்லிநியூட்டன். நிறையில்லாத துகள்கள் தந்த விசை அது.

என் பரிந்துரை "மாறாநிறை". எந்தச் சட்டகத்திலிருந்து, அதாவது எந்த வேகத்தில் போகிறவர் பார்வையிலிருந்து, பார்த்தாலும் ஒரே மதிப்பு வருவதால் இந்தப் பெயர்.

ஈரோட்டிலிருந்து:

அம்மணி எழுதிய இயற்பியலில் குறை சொல்ல ஒன்றுமில்லைங்க. சொல்தான் இடிக்கிறது. நம் பாடநூல்களில் "மாறா" என்ற அடைக்கு ஏற்கெனவே வேறு வேலை கொடுத்தாயிற்று: உந்த மாறா விதி, கோண உந்த மாறா விதி. அங்கே அதன் பொருள், மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்தம் ஒன்றே என்பது. நாம் கேட்பதோ, பார்ப்பவர் மாறினாலும் மதிப்பு மாறாது என்பது. இரண்டும் வேறு. உந்தம் முதல் வகையில் மாறாது. ஆனால் பார்ப்பவரின் வேகத்துக்கேற்ப மாறும். ஒரே பாடத்தில் இரண்டு "மாறா" வந்தால் பிள்ளைகள் கட்டாயம் குழம்புவார்கள்.

"தன்னிறை"யும் வேண்டாம். அச்சில் எல்லோரும் அதைத் தன்னிறைவு என்றே படிப்பார்கள், பிழைதிருத்துபவர் ஒரு "வு" சேர்த்தும் விடுவார்.

"இயல்நிறை" என்று வைக்கலாமுங்க. இயல் எண் என்று கணக்கில் பழகியிருக்கிறோம். ஒரு பொருளோடு நகரும் கடிகாரம் காட்டுவது இயல்நேரம், பொருளோடு நகர்ந்து அளந்தால் இயல்நீளம் என்று ஒரே குடும்பமாக நிற்கும். சந்தி சேர்த்தால் "இயனிறை" ஆகி அடையாளமே போய்விடும். கல்நெஞ்சம் என்று எழுதுவதுபோல இயல்பாகவே விட வேண்டும்.

ஈழத்து வாசகர்களையும் மறக்கக் கூடாது. அங்கே நிறை என்றால் நம் எடை. நம் நிறைக்கு அவர்கள் சொல் திணிவு. "நிறையற்ற துகள்" அவர்களுக்கு எடையற்ற துகளாகிவிடும். பட்டியலில் இயல்திணிவு என்று பக்கத்திலேயே போட்டுவிடுவோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து:

இயல்நிறைக்கே என் ஓட்டு. ஆனால் ஒளித்துகள் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. கோவை மருத்துவமனைகளில் பெட் ஸ்கேன் எடுக்கிறார்களே, அதில் ஃபுளூரின்-18 உமிழும் பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து அழிகிறது. 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு ஒளித்துகள்கள் ஏறத்தாழ எதிரெதிரே கிளம்புகின்றன. தனித்தனியே இரண்டுக்கும் இயல்நிறை சுழி. சோடியாகச் சேர்த்தாலோ உந்தங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, ஆற்றல் மட்டும் மிஞ்சுகிறது. தொகுதியின் இயல்நிறை 1022 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அழிந்த எலக்ட்ரான், பாசிட்ரான் இரண்டின் நிறைக்கூட்டுத்தொகையே. இயல்நிறைகளை அப்படியே கூட்டக் கூடாது என்பதைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். "ஒளிக்கு நிறை உண்டு" என்று வாதாடுபவர்கள் பலர் உட்புறம் முழுதும் முகம்பார்க்கும் கண்ணாடி பதித்த பெட்டிக்குள் அடைத்த ஒளியைக் காட்டுவது இதனால்தான். ஒரு ஜூல் ஒளி உள்ளே இருந்தால் பெட்டியின் நிறை 1.1 × 10⁻¹⁷ கிலோகிராம் கூடும். உண்மை. கூடியது தொகுதியின் நிறை.

இன்னொன்று. சுழி என்பது கோட்பாடு சொல்வது. சோதனை தருவது மேல்வரம்பு. ஒளித்துகளுக்குத் துளி நிறை இருந்தால் குறைந்த அதிர்வெண் ரேடியோ அலை பிந்தி வர வேண்டும். மலையேறினால் உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில் நிற்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. நண்டு நெபுலாவிலுள்ள துடிவிண்மீனின் (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன்) துடிப்பு அந்த அதிர்வெண்ணில், 1400 மெகாஹெர்ட்ஸில் வருவதைவிட இரண்டு விநாடிக்குச் சற்று மேல் பிந்துகிறது. உடனே நிறை கிடைத்துவிட்டது என்று துள்ளக் கூடாது. வழியிலுள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் செய்யும் தாமதம் அது. அதுவும் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதம், நிறையால் வரக்கூடிய தாமதமும் அதே விகிதம். ஒரு துடிவிண்மீனை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. சூரியக் காற்றின் காந்தப்புலத்தை ஆராய்ந்து பெற்ற வரம்பு இதைவிட மிகக் கடுமையானது: 10⁻¹⁸ எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 1.8 × 10⁻⁵⁴ கிலோகிராம்.

சொல்லுக்கும் இது முக்கியமுங்க. நிறை துளியேனும் இருந்தால் ஒளித்துகளை ஓய்வில் பார்க்கவும் முடியும்; அப்போது "ஓய்வு நிறை"யும் பொருந்தும். சுழி என்றால் பொருந்தாது. சோதனையின் முடிவைப் பொறுத்துச் செல்லும், செல்லாது என்று ஆடும் சொல்லை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையையே எப்படி விவரிப்பது? இயல்நிறை இரண்டு நிலையிலும் நிற்கும்.

கோயமுத்தூரிலிருந்து:

சரிங்கண்ணா, மாறாநிறையை விட்டுவிடுகிறேன். பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

இயல்நிறை (ஈழ வழக்கு: இயல்திணிவு) – எல்லாச் சட்டகத்திலும் ஒரே மதிப்புள்ள நிறை. ஒளித்துகளுக்குச் சுழி, அளவீட்டு மேல்வரம்பு 10⁻¹⁸ எலக்ட்ரான் வோல்ட். தொகுதியின் இயல்நிறை உறுப்புகளின் கூட்டுத்தொகை அல்ல. பழைய சொல்: ஓய்வு நிறை.

"இயங்கு நிறை"யைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, "பார்க்க: ஆற்றல்" என்று மட்டும் போடுகிறேன்.