சார்ல்ஸ்டனில் கோடைப் பயணம்: மாளிகைகளின் முன்வாசலோடு கொல்லைப்புறத்தையும் காண விரும்புகிறோம்

வைகைக்கரை கேட்டது:

கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இப்போது அட்லாண்டாவிலும் ராலேயிலுமாகப் பிரிந்து வாழும் நண்பர்கள் ஐவர், ஜூலையில் ஒரு நீண்ட வார இறுதியில் தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் கூட இருக்கிறோம். பயணக் கையேடுகளில் வண்ண வீடுகளும் குதிரை வண்டிகளும் ஓக் மரங்கள் நிழல் பரப்பும் பண்ணைகளுமே திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த வீடுகளைக் கட்டியவர்களும் அந்தப் பண்ணைகளில் உழைத்தவர்களும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் என்பதை அறிந்த பின், மாளிகைகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட எங்களுக்கு மனமில்லை. ஊரின் அழகையும் முழு வரலாற்றையும் ஒருசேரக் காண எங்கெல்லாம் செல்ல வேண்டும்? சம்டர் கோட்டைக்குப் படகில் போய்வர அரை நாள் ஒதுக்குவது தகுமா? ஜூலை வெயிலில் எவ்வளவு நடக்க முடியும்? எங்களுள் இருவர் சைவ உணவினர் என்பதையும் கருத்தில் கொண்டு, ஊரை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

உப்பங்கழி எழுதியது:

வணக்கம். அந்நகரில் சில ஆண்டுகள் வசித்தவன் என்ற முறையில் வெயிலிலிருந்தே தொடங்குகிறேன். ஏனெனில் சார்ல்ஸ்டன் இன்றைய உருவத்தைப் பெற்றதற்கே கோடை ஒரு முக்கியக் காரணம். நெற்பண்ணைகளின் உரிமையாளர்கள் சதுப்பு நிலத்துக் காய்ச்சலுக்கு அஞ்சி, கோடை தொடங்கியதும் கடற்காற்று வீசும் இந்நகருக்குக் குடும்பத்தோடு வந்து, முதல் உறைபனி விழும்வரை இங்கேயே தங்கினார்கள். அதே மாதங்களில் அவர்களுடைய வயல்களில் முழங்கால் நீரில் நின்று களை பறித்தவர்களுக்கு அந்தக் காய்ச்சலிலிருந்து விலகிச் செல்ல வழியே இருக்கவில்லை. நீங்கள் பார்க்கப்போகும் பல வீடுகள் ஓர் அறை அகலத்தில் தெருவுக்குக் குறுக்குப்புறம் காட்டி நிற்கும். தெற்கு அல்லது மேற்குப் பக்கத்தில் வீட்டின் நீளத்துக்கும் தாழ்வாரம் ஓடும். காற்றை வாங்குவதற்காகவே அமைந்த கட்டுமானம் அது. தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் அல்ல, தாழ்வாரத்துக்குத்தான் போவீர்கள். சுவர்களில் தெரியும் இரும்பு வில்லைகள், 1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் பல கட்டடங்களைக் கம்பியால் இழுத்துக் கட்டியதன் அடையாளங்கள்.

நகருக்குள் ஒரே ஒரு வீட்டைத்தான் பார்க்க முடியும் என்றால், தயக்கமின்றி ஐக்கன்-ரெட் இல்லத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆளுநராக இருந்த வில்லியம் ஐக்கனின் வீடு இது. ஜெஹோசி தீவில் இருந்த அவருடைய நெற்பண்ணையில் நூற்றுக்கணக்கானோர் அடிமைகளாக உழைத்தார்கள். புதுப்பித்து மெருகேற்றாமல், சிதைவு மேலும் பரவாதபடி மட்டும் காத்துவருவதால், உரிந்து தொங்கும் சுவர்த்தாளும் நிறம் மங்கிய கூடமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டின் உண்மையான வரலாறு கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது. சமையலறை, சலவையறை, குதிரை லாயம், அவற்றின் மேல்மாடியில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் குடும்பம் குடும்பமாக உறங்கிய சிறு அறைகள் ஆகிய அனைத்தும் எஞ்சியிருப்பது மிக அரிது. குளிரூட்டி இல்லாத வீடு என்பதால் காலையிலேயே சென்றுவிடுங்கள். அங்கிருந்து சால்மர்ஸ் தெருவிலுள்ள பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தெருவில் மனிதர்களை ஏலம் விடுவதை நகராட்சி 1856இல் தடை செய்தபோது விற்பனை நிற்கவில்லை. இத்தகைய கட்டடங்களுக்குள் நகர்ந்தது, அவ்வளவுதான்.

காலை பத்து மணிக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் நடந்து, நண்பகலை அருங்காட்சியகங்களில் கழியுங்கள். பிற்பகலில் இடிமழை வழக்கம். பெருமழையும் கடலின் ஓத ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் நகரச் சந்தையைச் சுற்றிய தெருக்களில் தண்ணீர் நின்றுவிடும். எனவே காலையிலேயே ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கீழைக்காற்று எழுதியது:

சம்டர் கோட்டை தகும் என்பதே என் கருத்து. 1861 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் விழுந்த இடம் என்பதோடு, அந்தப் படகுப் பயணத்தில் நீங்கள் கடக்கும் நீர்ப்பரப்பிற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1862 மே 13 அதிகாலையில், அடிமையாக இருந்த மாலுமி ராபர்ட் ஸ்மால்ஸ், பிரிந்துசென்ற தென் மாநிலங்களின் படையைச் சேர்ந்த பிளான்டர் என்ற நீராவிக் கப்பலைத் தம் குடும்பத்தையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிச்சென்று, தலைவனின் தொப்பியை அணிந்தபடி, உரிய ஊதல் சைகைகளைக் கொடுத்து, இந்தக் கோட்டையின் பீரங்கிகளைத் தாண்டி, வட மாநிலங்களின் கப்பற்படையிடம் ஒப்படைத்தார். பின்னாளில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். படகில் ஏறுமுன் இதை நண்பர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

எனினும் நேரம் போதாவிட்டால் கோட்டையை விட்டுவிட்டு, 2023இல் திறக்கப்பட்ட பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். 1808இல் அடிமை இறக்குமதி சட்டப்படி முடிவுக்கு வருமுன், பல்லாயிரம் பேர் கரையிறக்கப்பட்ட காட்ஸ்டன் துறையின் மீதே அது நிற்கிறது. அந்த மண்ணை மறைக்காமல் தூண்களின் மேல் கட்டடத்தை உயர்த்தியிருக்கிறார்கள்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பண்ணைகளுள் மிடில்டனா மெக்லியோடா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. சைவ உணவு குறித்தும் யாரேனும் சொல்ல இயலுமா?

தினைப்புலம் எழுதியது:

தோட்டக்கலையில் ஈடுபாடு இருந்தால் மிடில்டனுக்குச் செல்லலாம். 1741இல் தொடங்கிய அதன் தோட்டம் பேரழகு. ஆனால் நீங்கள் எழுப்பிய கேள்விக்கு நேராக விடை தருவது ஜேம்ஸ் தீவிலுள்ள மெக்லியோடுதான். அங்கே வழிகாட்டிகள் மாளிகையை விட்டுவிட்டு, அடிமைப்படுத்தப்பட்டவர்களின் குடிசை வரிசையிலிருந்தே பேசத் தொடங்குகிறார்கள். அந்தக் குடிசைகளில் 1990 வரை மக்கள் குடியிருந்தார்கள் என்பதைக் கேட்கும்போது, எல்லாம் முடிந்துபோன பழங்கதை என்ற எண்ணம் நம்மை விட்டு அகலும்.

நெல் விளைந்த ஊர்களிலிருந்து செல்லும் நமக்கு இங்கே கூடுதலாகப் புரியும் ஒன்று உண்டு. ஆற்றோரச் சதுப்பில் மரம் வெட்டி, கரை எழுப்பி, மர மதகு வைத்து, ஓதம் தள்ளிவரும் நன்னீரை வயலுக்குள் விட்டு வடித்த அந்த வேளாண்மையில், மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் உழைப்போடு அவர்களுடைய அறிவும் இருந்தது என்று வரலாற்றாய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். உரலில் குற்றி, புல்லால் பின்னிய அகன்ற தட்டில் புடைத்தே அரிசி எடுத்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களான ‘கல்லா’ (Gullah) என்று அழைக்கப்படும் மக்களின் சமையலில் இன்றும் சோறும் காராமணியும் வெண்டைக்காயும் நீங்காத இடம் பெற்றிருக்கின்றன. ஆயினும் காராமணிச் சோற்றில் பன்றி இறைச்சி சேர்ப்பதும், கீரையை எலும்புச் சாற்றில் வேகவைப்பதும் வழக்கமாதலால், சைவ நண்பர்கள் ஒவ்வொன்றையும் கேட்ட பின்பே வாங்க வேண்டும்.

அந்தப் புடைக்கும் தட்டின் வழிவந்த இனிப்புப்புல் கூடைகளை நகரச் சந்தையிலும், மவுண்ட் பிளசன்ட் செல்லும் 17ஆம் நெடுஞ்சாலையோரக் கடைகளிலும் பின்னியவர்களிடமே வாங்கலாம். சிறிய கூடைக்கே விலை அதிகமாகத் தோன்றும். அதைப் பின்ன நாட்கணக்கில் ஆகிறது, புல்லும் கட்டடங்கள் பெருகிய கடற்கரையில் அருகிவருகிறது. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். படம் எடுக்குமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.